மின்சாரக் காருக்கு ஏர்கோன் கேஸ்: கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பாஸ், கேஸ் கொஞ்சம் டாப் அப் பண்ணிடுங்க." பெட்ரோல் கார் வைத்திருந்த காலத்தில் ஜாலான் ஈப்போவிலோ செராஸிலோ எந்த ஏர்கோன் கடையிலும் இந்த ஒரு வாக்கியம் போதும். அரை மணியில் வேலை முடியும், நூறு ரிங்கிட்டை ஒட்டி ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். மின்சாரக் காரில் இதே வாக்கியம், கேஸை அழுத்திச் சுற்றவிடும் பல ஆயிரம் ரிங்கிட் கம்ப்ரசரைக் காவு வாங்கிவிடும்.

காரணம் இரண்டு. பெட்ரோல் காரின் கம்ப்ரசரை எஞ்சின் பெல்ட் சுற்றுகிறது. வெளியே நீட்டிய தண்டின் சீல் வழியாக வருடா வருடம் கொஞ்சம் கேஸ் கசியத்தான் செய்யும். மின்சாரக் காரில் கம்ப்ரசருக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. எல்லாம் ஒரே மூடிய உருளை. வெளியே வரும் தண்டும் இல்லை, அந்த சீலும் இல்லை. ஆகவே இரண்டு மூன்று வருடத்தில் கேஸ் கண்ணுக்குத் தெரிய குறைந்திருந்தால், எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது காரணம், அந்த மோட்டார் கேஸிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே 350, 400 வோல்ட்டில் ஓடுகிறது. சில கார்களில் 800 வோல்ட். எண்ணெய் மாறிப்போனால் மின்சாரம் காரின் உடம்புக்குக் கசியத் தொடங்கும்.

எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது "எவ்வளவு கேஸ் போடுவீங்க" என்பதல்ல. உள்ளே இருந்த கேஸ் எங்கே போனது, புதிய கேஸ் எந்த எண்ணெயோடு உள்ளே போகப் போகிறது என்ற இரண்டும்தான்.

1. கேஸ்தான் பிரச்சினையா என்று முதலில் வீட்டிலேயே பாருங்கள்

சமையலுக்குப் பயன்படுத்தும் கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று போதும். காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றுச் சுழற்சியைப் போட்டு, வெப்பநிலையை 'லோ'வில் வைத்து, ஃபேனை நடுவேகத்துக்கு மேல் வைத்து, பத்து நிமிடம் விடுங்கள். நடு வென்ட்டுக்குள் கம்பியைச் செருகிப் பாருங்கள். வெளியே 32, 33 டிகிரி அடிக்கும் கோலாலம்பூர் மதியத்தில் 6 முதல் 12 டிகிரிக்குள் வந்தால் கேஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 15-ஐத் தாண்டி நின்றால் மேலே படியுங்கள்.

தாண்டி நின்றாலும் உடனே கேஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். இவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்:

கேபின் ஃபில்டர். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். அங்சானா மரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் மஞ்சள் பூவும் இலைத் தூளும் அடைத்து, ஃபில்டர் பழைய கம்பளி மாதிரி ஆகியிருக்கும். காற்று குளிராகத்தான் வருகிறது, ஆனால் வருவது கொஞ்சம் என்றால் குற்றவாளி இதுதான். சில பத்து ரிங்கிட்டில் முடியும் வேலை.

ஈகோ மோட். பல கார்களில் இது கம்ப்ரசரின் சக்தியைக் கட்டுப்படுத்தும். பேட்டரி மிகவும் இறங்கியிருந்தாலும் கார் தானாகவே ஏர்கோனை அடக்கும். ஐம்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் வைத்து, சாதாரண மோடில் சோதியுங்கள்.

டிசி சார்ஜிங் நேரம். பேட்டரியைக் குளிர்விப்பதும் பல கார்களில் இதே கேஸ்தான். வேக சார்ஜ் ஏறும்போது குளிரின் பெரும்பங்கு பேட்டரிக்குப் போய்விடும், வென்ட்டில் காற்று வெதுவெதுப்பாகும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஓய்வு நிலையத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் குளிர் குறைகிறது என்றால் அது கோளாறல்ல.

ஓடும்போது குளிர்ந்து, ஜாமில் நின்றால் சூடாகிறதா? பெட்ரோல் காரில் இது தளர்ந்த கம்ப்ரசரின் அடையாளம், ஏனென்றால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றும். மின்சாரக் காரின் கம்ப்ரசருக்குக் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்பது பொருட்டே இல்லை. ஆகவே நிற்கும்போது மட்டும் சூடு என்றால் முன்பக்க ஃபேனையும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் அடைந்த தூசியையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்ரோல் கார்களில் ஊறிய ஃபோர்மேன்கள் (கடை மெக்கானிக்குகள்) தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக் "கேஸ் ஒழுகுது" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது கூலிங் காயிலில் படிந்த ஈரம். சொட்டாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

2. பானெட்டைத் திறந்து லேபிளைப் படம் எடுங்கள்

பானெட்டின் உட்புறத்திலோ முன்பக்கக் குறுக்குச் சட்டத்திலோ உள்ளங்கை அளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் மூன்று விவரம் தேவை: கேஸின் வகை, எடை எத்தனை கிராம், எண்ணெயின் பெயர்.

கேஸ் வகை இன்று நம் சாலையில் பெரும்பாலும் இரண்டு: ஆர்-134ஏ, அல்லது ஆர்-1234ஒய்எஃப். இரண்டின் சர்வீஸ் போர்ட்டுகளும், அதாவது கேஸ் எடுக்கும், நிரப்பும் வாய்களும், வெவ்வேறு அளவு, ஒன்றின் ஹோஸ் முனை மற்றதில் உட்காராது. "அடாப்டர் இருக்கு, போட்டுடலாம்" என்று சொல்லும் கடையிலிருந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ஆர்-1234ஒய்எஃப் லேசாகத் தீப்பற்றும் வகை, விலையும் பல மடங்கு. விலையை மிச்சப்படுத்த அதற்குப் பதிலாக ஆர்-134ஏ-வை நிரப்பினால் சில காலம் குளிரும், பிறகு வாரண்டியும் போகும், அடுத்து வேலை பார்க்கும் கடையின் மெஷினும் கெடும்.

மாடல் பெயரை வைத்துக் கேஸ் வகையை ஊகிக்காதீர்கள். ஒரே மாடல் ஆண்டுக்கு ஆண்டு, சந்தைக்குச் சந்தை மாறும். ஜப்பானிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ ரீகோன்டாக, அதாவது ஓட்டிய காராக இறக்குமதியாகி, வந்த காரில் லேபிள் ஜப்பானிய எழுத்திலும் இருக்கலாம். எண்களும் கேஸின் பெயரும் எப்படியும் புரியும். லேபிளே உரிந்துபோயிருந்தால் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஊகத்தில் நிரப்ப விடாதீர்கள்.

படம் எடுக்கும்போதே இரண்டு சர்வீஸ் போர்ட்டின் பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மூடி வெறும் தூசித் தடுப்பு அல்ல, உள்ளே ரப்பர் வளையம் வைத்த இரண்டாவது சீல். மூடி காணாமல் போன போர்ட்டின் நுனியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கறுத்த தூசியும் தெரிந்தால், ஓட்டையைப் பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள்.

3. வாரண்டி முடியவில்லை என்றால் இங்கேயே நிறுத்துங்கள்

எட்டு வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பேட்டரிக்கானது. ஏர்கோன் கம்ப்ரசர் அதற்குள் வராது, பொது வாகன வாரண்டியில்தான் வரும். அதன் காலமும் கிலோமீட்டர் வரம்பும் வேறு. வாரண்டிப் புத்தகத்தில் ஏர்கோன் என்று தனியாகத் தேடிப் பாருங்கள். கேஸை மட்டும் தேயும் பொருளாக ஒதுக்கிவிட்டு, கசிவுக்குக் காரணமான பாகத்தை மட்டும் ஏற்கும் வாரண்டிகளும் உண்டு. அப்படியானால் கசிவை நிரூபித்தால் கேஸும் சேர்ந்தே வர வேண்டும் என்று கவுண்டரில் விடாமல் கேளுங்கள்.

காலம் மிச்சமிருக்கும்போது வெளியே ஒரு முறை கேஸ் போட்டால், நாளை கம்ப்ரசர் போகும்போது "வெளி எண்ணெய் கலந்திருக்கு" என்ற ஒரு வரியில் உங்கள் கோரிக்கை முடிந்துவிடும். சர்வீஸ் சென்டரில் இரண்டு வாரம் காத்திருப்பது எரிச்சல்தான், ஆனாலும் காத்திருங்கள்.

முன்பக்கம் கல் அடித்துக் கண்டென்சர் ஓட்டையானதென்றால் வாரண்டி உதவாது. காப்புறுதியில் கேட்கலாம், ஆனால் சொந்த சேதக் கோரிக்கை போட்டால், கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடியான என்சிடி சுழிக்குப் போகும். 55 சதவீத என்சிடி சேர்த்து வைத்திருப்பவர், கண்டென்சர் விலையையும் அடுத்த சில ஆண்டுகளின் கூடுதல் பிரீமியத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். வேறு வாகனம் இடித்ததால் வந்த சேதம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட்.

4. எண்ணெய்: முழுக் கட்டுரையில் இதை மட்டுமாவது படியுங்கள்

கேஸோடு சேர்ந்து ஒரு எண்ணெயும் குழாய்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் கார்களில் அது பெரும்பாலும் பிஏஜி வகை. மின்சாரக் கார்களில் பெரும்பாலும் பிஓஇ வகை. டென்சோ கம்ப்ரசர் உள்ள கார்களின் லேபிளில் 'என்டி ஆயில் 11' என்று இருந்தால் அது பிஓஇ-தான். சில தயாரிப்பாளர்கள் வேறு வகை கேட்பார்கள், உங்கள் லேபிள் சொல்வதே முடிவு.

பிஏஜி மின்சாரத்தைக் கடத்தும் குணம் உள்ளது, பிஓஇ தடுக்கும். கம்ப்ரசருக்குள் சுருள் சுருளாக இருக்கும் செம்புக் கம்பிக்கும் அலுமினிய உடம்புக்கும் நடுவே எண்ணெய்தான் காவல் நிற்கிறது. அதில் ஒரு சதவீதம் பிஏஜி கலந்தாலே, 10 மெகாஓம்-க்கு மேல் இருந்த இன்சுலேஷன் (மின்கசிவைத் தடுக்கும் திறன்) ஒரு மெகாஓம்-க்கும் கீழே இறங்கிவிடும். கார் எப்போதும் தன் உயர்வோல்ட் கம்பிகளிலிருந்து உடம்புக்குக் கசிவு இருக்கிறதா என்று அளந்துகொண்டே இருக்கும். அளவு தாண்டினால் எச்சரிக்கை விளக்கு எரியும். சில கார்கள் அடுத்த முறை 'ரெடி' (ஓட்டத் தயார்) நிலைக்கே வராது. ஏர்கோன் வேலைக்குப் போன கார் லாரியின் மேல் ஏறித் திரும்பி வருவது இப்படித்தான். அன்றே நடக்க வேண்டும் என்பதுமில்லை, கேஸ் போட்ட சில வாரம் கழித்தும் வரும்.

ஒரு சதவீதம் என்றால் எவ்வளவு? கம்ப்ரசரில் மொத்தம் இருப்பதே நூற்றுச் சொச்ச மில்லிலிட்டர். அதில் ஒரு சதவீதம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிலிட்டர், கால் டீஸ்பூனை ஒட்டிய அளவு. யாரும் வேண்டுமென்று ஊற்றத் தேவையில்லை. காலையில் பெட்ரோல் காருக்குக் கேஸ் போட்ட மெஷினின் ஹோஸுக்குள் ஒட்டியிருக்கும் எண்ணெயே போதும். அதனால்தான் மின்சார, ஹைப்ரிட் கார்களுக்கான மெஷின்களை எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2788 தரத்தில் தனியாக 'ஹெச்' எழுத்தோடு குறிக்கிறார்கள். அத்தகைய மெஷின் காருக்குள் விடும் கேஸில் பழைய எண்ணெய் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. ஹோஸைக் கேஸால் கழுவும் வசதியும் அதில் இருக்கும்.

கலந்த பிறகு கழுவி எடுத்துவிடலாமா? இன்றைய கண்டென்சர்களின் துளைகள் தலைமுடி அளவு. உள்ளே போன எண்ணெய் முழுதாக வெளியே வராது. கம்ப்ரசர், கண்டென்சர், கேஸை விரியவிட்டுக் குளிர வைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு என்று வரிசையாக மாற்றச் சொல்வார்கள். அவர்கள் பிழைப்புக்காகச் சொல்லவில்லை, உண்மையே அதுதான்.

இன்னொரு பொறி ஈரம். பிஓஇ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்தால் நாளடைவில் அமிலமாகும். நம் ஊரின் புழுக்கத்தில் திறந்து வைத்த டின் ஒரு நாளிலேயே சந்தேகத்துக்குரியது. சீல் உடைக்காத சிறிய டின்னை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். மேசை ஓரத்தில் பாதி காலியாக நிற்கும் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

இணையக் கடைகளில் விற்கும் 'நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்' கேன்களைத் தொடாதீர்கள். பலவற்றில் கேஸோடு எண்ணெயும் ஓட்டை அடைக்கும் பசையும் கலந்திருக்கும். எண்ணெய் பெரும்பாலும் பிஏஜி. பசை ஓட்டையை அடைக்கிறதோ இல்லையோ, எக்ஸ்பான்ஷன் வால்வை அடைக்கும். பசை போட்ட காரை நல்ல மெஷின் உள்ள கடை வேலைக்கு ஏற்கவே மறுக்கும், ஏனென்றால் அது மெஷினையும் அடைத்துவிடும்.

5. கடையைப் போனிலேயே சல்லடை போடுங்கள்

ஐந்து கேள்வி போதும். பதிலைவிட, பதில் சொல்லும் வேகத்தைக் கவனியுங்கள்.

"அண்ணே, மின்சாரக் காருக்குத் தனி மெஷினா, தனி ஹோஸா?"
"என்ன எண்ணெய் ஊத்துவீங்க? டின்னைக் காட்டுவீங்களா?"
"உள்ளே இருக்கிற கேஸை மெஷின்ல எடுத்து எடை சொல்வீங்களா, இல்ல காத்துல விட்டுருவீங்களா?"
"வேக்யூம் எவ்வளவு நேரம்?"
"ஸ்கேனர்ல வால்வைத் திறக்க முடியுமா?"

எண்ணெய்க் கேள்விக்கு "எல்லாம் ஒண்ணுதான் பாஸ்" என்று பதில் வந்தால் தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) பேச்சை நீட்டாமல் போனை வைத்துவிடுங்கள். "முப்பது நிமிஷத்துல முடிச்சிடலாம்" என்பதும் நல்ல அறிகுறியல்ல.

கடைசிக் கேள்வி முக்கியமாவது, ஹீட் பம்ப் (இதே கேஸைக் கொண்டு காரைச் சூடாக்கும் அமைப்பு) உள்ள கார்களிலும் பேட்டரியைக் கேஸாலேயே குளிர்விக்கும் கார்களிலும்தான். பிஒய்டியின் இ-பிளாட்ஃபார்ம் 3.0 கார்கள் பேட்டரிக்கு நேரடியாகக் கேஸை அனுப்புகின்றன. இப்படிப்பட்ட கார்களில் குழாய்ப் பாதையில் மின் வால்வுகள் பல. அவை மூடியிருந்தால் வேக்யூம், அதாவது குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சும் வேலை, ஒரு பகுதிக்குப் போகவே போகாது. காற்றும் ஈரமும் உள்ளே நிற்கும், எடைக் கணக்கும் தப்பும். ஸ்கேனரில் கேஸ் நிரப்பும் மோடைப் போட்டு வால்வுகளைத் திறந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். நிசான் லீஃபின் முதல் இரண்டு தலைமுறைகள் மாதிரி பேட்டரிக்குத் தனிக் குளிரூட்டல் இல்லாத கார் என்றால் பாதை எளிது.

'ஹைட்ரோகார்பன் கேஸ், மின்சாரம் மிச்சம்' என்று சிபாரிசு செய்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எளிதில் தீப்பிடிக்கும் கேஸை 400 வோல்ட் மோட்டார் நனைந்திருக்கும் பெட்டிக்குள் விடுவதில் எந்த மிச்சமும் இல்லை.

6. போகும் நாள்

காலை முதல் ஆளாகப் போங்கள். மெஷின் சுத்தமாக இருக்கும், கார் சூடாகியிருக்காது. பேட்டரி 50 முதல் 70 சதவீதம். கடைக்குப் போகும் வழியில் டிசி சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி சூடாக இருந்தால் கார் தானாகவே கம்ப்ரசரை ஓட்டும், அளவுகள் குழம்பும். தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தில் வேக்யூம் நேரம்தான் முதலில் வெட்டுப்படும்; பாகம் ஏதாவது தேவைப்பட்டால் கடையடைப்பு முடியும் வரை காரும் அங்கேயே நிற்கும்.

கைப்பேசிச் செயலியில் நேரம் வைத்துக் குளிரூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். இது யாருக்கும் நினைவுக்கு வராது. மாலை ஐந்தரைக்குத் தானாக ஏர்கோன் போடு என்று வைத்திருக்கும் கார், கேஸ் இல்லாமல் குழாய் திறந்து கிடக்கும் நேரத்தில் கம்ப்ரசரை ஓட்டப் பார்க்கும். வீட்டில் மனைவியோ மகனோ அதே செயலியை வைத்திருந்தால் அவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: லேபிள் படம், கிரண்ட் (வாகன உரிமைச் சான்றிதழ்) நகல், பழைய ஏர்கோன் ரசீதுகள், வென்ட் வெப்பநிலையை எழுதிய துண்டுச் சீட்டு.

7. கடையில் நடக்க வேண்டிய வரிசை

மொத்தம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பக்கத்தில் நிற்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆரஞ்சு நிறக் கேபிள்களில் மட்டும் கை வைக்காதீர்கள். வெறும் கேஸ் வேலைக்கு ஃபோர்மேனும் அவற்றைக் கழற்றத் தேவையில்லை.

முதலில் பத்து நிமிடம் ஏர்கோனை ஓட்டி, பிறகு அணைத்து, உள்ளே இருக்கும் கேஸை மெஷின் உறிஞ்ச வேண்டும். திரையில் வரும் கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள். லேபிளில் 650, வெளியே வந்தது 630 என்றால் கேஸ் ஒரு பிரச்சினையே இல்லை. அதே எடையைத் திரும்ப விட்டு வேறு காரணம் தேடச் சொல்லுங்கள். 430 வந்தால் 220 கிராம் எங்கோ போயிருக்கிறது, எட்டாவது படிக்குப் போங்கள்.

இந்த இடத்தில் அழுத்தமானியான கேஜைக் காட்டி "பிரெஷர் சரியா இருக்கு, கேஸ் போதும்" என்பார்கள். ஏர்கோன் ஓடாமல் நிற்கும்போது கேஜ் காட்டுவது வெப்பநிலையை மட்டும்தான். 30 டிகிரியில் ஆர்-134ஏ சுமார் 6.7 பார் காட்டும். உள்ளே 600 கிராம் இருந்தாலும் 300 கிராம் இருந்தாலும், துளி திரவம் மிஞ்சியிருக்கும் வரை அதே 6.7-தான். எடை மட்டுமே பேசும்.

கேஸோடு வெளியே வந்த எண்ணெயை மெஷின் ஒரு சிறு குப்பியில் தள்ளும். அந்த மில்லிலிட்டரைப் பார்த்து, அதே அளவு புதிய எண்ணெய் போக வேண்டும், கூடவும் கூடாது. குப்பியில் கறுப்பாகவோ உலோக மினுமினுப்போடோ இருந்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்கிறது என்று பொருள்.

அடுத்து வேக்யூம். முப்பது நிமிடத்துக்குக் குறையாமல், நாற்பத்தைந்து என்றால் நிம்மதி. பம்பை நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேக்யூமில் காற்று போகும், எண்ணெயில் ஊறிய ஈரம் போகாது. முள் மெல்ல ஏறினால் கேஸ் விட அனுமதிக்காதீர்கள்.

பிறகு கேஸ். கம்ப்ரசர் நின்றிருக்கும்போதே, மெஷின் எடை பார்த்து, லேபிள் அளவை உள்ளே தள்ள வேண்டும். சிலிண்டரைத் தலைகீழாகப் பிடித்து, ஏர்கோனை ஓடவிட்டு, குறைந்த அழுத்தப் பக்கத்தில் பீய்ச்சும் பழைய பழக்கம் இங்கே உதவாது. திரவம் நேரே கம்ப்ரசருக்குள் போனால் கேஸை அழுத்தும் அதன் உள் சுருள் தகடுகள் உடையும். "கூட அம்பது கிராம் போட்டா ஜில்லுன்னு இருக்கும்" என்பதையும் நம்பாதீர்கள். கூடினால் அழுத்தம் எகிறி, கார் கம்ப்ரசரை நிறுத்தும். மதிய ஜாமில் வெறும் காற்று வரும்.

சிலிண்டர் நிறத்தை வைத்துக் கேஸை அடையாளம் காணாதீர்கள், எழுத்தைப் படியுங்கள். கலப்பட ஆர்-134ஏ சிலிண்டர்களில் மெத்தில் குளோரைடு கலந்திருந்து, அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடித்த சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. கேஸ் அடையாளம் காட்டும் கருவி உள்ள கடை என்றால் ஐம்பது ரிங்கிட் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

8. ஓட்டையைத் தேடும்போது

நைட்ரஜனை அழுத்தி, சோப்பு நுரையாலும் மின்னணு மோப்பக் கருவியாலும் தேட வேண்டும். கம்ப்ரசர் காற்றை, அதாவது டயருக்கு அடிக்கும் காற்றை, உள்ளே அனுப்பக் கூடாது. அதில் ஈரம் நிறைய. பச்சையாக ஒளிரும் சாயம் போடுவதானால் அதைச் சுமக்கும் எண்ணெயும் பிஓஇ-க்குப் பொருந்த வேண்டும். சாதாரணக் கடைச் சாயம் பிஏஜி-யில் கரைத்தது.

தேடும் வரிசை மலிவிலிருந்து விலையேறியதற்கு: சர்வீஸ் போர்ட்டின் வால்வு ஊசி, குழாய் இணைப்புகளின் ஓ-ரிங், கண்டென்சர், கடைசியாக டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். பினாங்கில் தஞ்சோங் தோக்கோங் மாதிரி கடலோர அடுக்குமாடிகளில் நிற்கும் கார்களுக்குக் கண்டென்சரின் கீழ் ஓரங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியம் வெள்ளையாக, சுண்ணாம்பு உதிர்வது போல் பூத்திருந்தால் உப்புக் காற்று வேலையைத் தொடங்கிவிட்டது.

கம்ப்ரசரையே கழற்ற வேண்டி வந்தால் கதை வேறு. உயர்வோல்ட் இணைப்பைத் துண்டித்து, தயாரிப்பாளர் சொன்ன நேரம் காத்திருந்து, மின்னழுத்தம் 60 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை மீட்டரில் உறுதி செய்து, 1,000 வோல்ட் ரப்பர் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை. கையுறை இல்லாத கடையில் இதற்குச் சம்மதிக்காதீர்கள்.

9. செலவு

விலைகள் கடைக்குக் கடை மாறும், ஆனால் பில் எப்படிப் பிரிய வேண்டும் என்பது மாறாது. கேஸ் எடுத்தல், வேக்யூம், நிரப்புதல் ஆகியவற்றுக்கான கூலி ஒரு வரி; கேஸ் இத்தனை கிராம் என்று ஒரு வரி; எண்ணெய் ஒரு வரி; ஓ-ரிங், வால்வு ஊசி ஒரு வரி. ஆர்-134ஏ கார் என்றால் பெட்ரோல் காருக்குக் கொடுத்ததைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு நியாயம். கூடுதல் நேரமும் எண்ணெய் டின்னும் அதில் அடங்கும். ஆர்-1234ஒய்எஃப் என்றால் கேஸின் விலையே பல நூறு ரிங்கிட் வரும். கிராம் விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்த பழைய கேஸைச் சுத்திகரித்துத் திரும்ப விட்டால் அந்தக் கிராமுக்குப் புதிய கேஸ் விலை போடக் கூடாது. பில்லில் அடிக்கடி நடக்கும் தவறு இது. எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) பதிவுள்ள கடை 8 சதவீதச் சேவை வரி சேர்க்கும். சொன்ன விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கேளுங்கள்.

கம்ப்ரசர் மாற்றம் ஆயிரங்களில். பாகம் வர நாட்களும் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். முன்பணம் கொடுத்தால் பாக எண்ணும் வரும் தேதியும் எழுதிய ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள்.

10. கையில் வாங்க வேண்டிய காகிதம்

நல்ல மெஷின் ஒரு சிறு சீட்டு அச்சடிக்கும். எடுத்த கேஸ் கிராம், வந்த எண்ணெய், வேக்யூம் நேரம், சேர்த்த எண்ணெய், விட்ட கேஸ் கிராம் எல்லாம் அதில் இருக்கும். வெப்பத்தாள் என்பதால் சில மாதத்தில் எழுத்து அழிந்துவிடும்; அங்கேயே படம் எடுங்கள். ரசீதில் காரின் பதிவு எண், கேஸ் வகை, எண்ணெயின் முழுப் பெயர் மூன்றும் இருக்கட்டும். எண்ணெய்ப் பெயரை எழுதத் தயங்கும் கடை, அது என்ன எண்ணெய் என்று தெரியாத கடை.

கிளம்பும் முன் வென்ட்டில் மறுபடி தெர்மாமீட்டர். டாஷ்போர்டில் எச்சரிக்கை எதுவும் இல்லை, இரண்டு போர்ட் மூடிகளும் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றன, இவற்றையும் பாருங்கள்.

பிறகு உயர்வோல்ட் எச்சரிக்கை வந்து 'ரெடி' ஆகவில்லை என்றால், தள்ளவோ கயிறு கட்டி இழுக்கவோ வேண்டாம். நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டை லாரிதான். கம்ப்ரசரின் இன்சுலேஷன் அளவையும் எண்ணெய் மாதிரியையும் இரண்டாவது கடையில் எழுத்தில் வாங்குங்கள். முதல் கடை பொறுப்பேற்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே உங்களுக்காகப் பேசப்போவது அந்த எண்ணெய்ப் பெயர் எழுதிய ரசீதும் மெஷின் சீட்டின் படமும்தான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து எதற்காவது மெஷின் மாட்டும்போது எடுத்த கிராமைப் பழைய சீட்டோடு ஒப்பிடுங்கள். 650 விட்டு 640 வந்தால் ஓட்டை இல்லை. 580 வந்தால் மெல்லக் கசிகிறது. முதலில் அந்தப் போர்ட் மூடியைத் திறந்து பாருங்கள்.